கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்திலும் நிறம் தரும் செடிகள்: திருகோணமலைப் பக்கத்துக் கேள்வி பதில்

உப்புவெளி: அக்கா, வீடு கடலோரம். ஒருமுறை நட்டால் வருசக்கணக்கில் நிற்கிற, கோடையிலும் பூக்கிற செடி எது?

பதில்: முதலில் கடதாசிப்பூ. மணலும் உப்புக்காற்றும் வெயிலும் அதற்குப் பொருட்டில்லை. நாம் பூ என்று நினைக்கும் நிறப்பகுதி உண்மையில் இலை; பூ நடுவிலிருக்கும் சின்ன வெள்ளைதான். அதனால்தான் நிறம் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது. அடுத்து நித்தியகல்யாணி, அடேனியம் (பாலைவன ரோசா). எக்சோராவும் (வெட்சி) வைக்கலாம், ஆனால் சிப்பி கலந்த மணலில் இலை மஞ்சளித்துவிடும்; குழியில் மாட்டெருவும் இலைமக்கும் நிறையப் போடுங்கள். ஐப்பசி மழையோடு நடுங்கள். வைகாசியில் நட்டால் வேர் பிடிக்குமுன் கச்சான் காற்று கருக்கிவிடும். யூரியா வேண்டாம்.

கிண்ணியா: கடதாசிப்பூ இலையாகவே வளர்கிறது, பூவைக் காணோம்.

பதில்: மண் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். தினம் ஆறு மணி நேர வெயிலாவது படவேண்டும். மாரி முடிந்ததும் கிளைகளை நறுக்குங்கள், புதுக்கிளையில்தான் பூக்கும். யூரியா வேண்டாம்.

சீனக்குடா: எங்களுடையதும் பூக்கவில்லை அக்கா.

பதில்: மேலே கிண்ணியாக்காரருக்குச் சொன்னதுதான். யூரியா போட்டிருப்பீர்கள்.

மூதூர்: நுவரெலியாவில் கண்ட ஹைட்ரேஞ்சியா இங்கே வருமா?

பதில்: வராது.

கோட்டைப் பக்கம்: செவ்வரத்தையை மான்கள் மொட்டோடு தின்றுவிடுகின்றன. அலரி வைக்கட்டுமா? அதைத் தொடாதாமே.

பதில்: தொடாதுதான், ஏனென்றால் இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. எரித்த புகைகூட ஆகாது. சின்னப்பிள்ளைகளும் ஆடும் உள்ள வளவில் வேண்டாம். செவ்வரத்தைக்குக் கம்பிவலைக் கூடு போடுங்கள்.

உப்புவெளி: அடேனியமும் நஞ்சுதானே அக்கா? அதை மட்டும் வைக்கச் சொன்னீர்கள்?

பதில்: சரியான கேள்வி. அடேனியம், நித்தியகல்யாணி இரண்டும் அலரியின் குடும்பம்தான். ஆனால் அடேனியத்தைச் சாடியில் வைத்து மதில்மேல் ஏற்றிவிடலாம். நித்தியகல்யாணி முழங்கால் உயரம், பிள்ளைகள் இருந்தால் அதையும் எட்டாத இடத்தில் வையுங்கள். அலரியோ வேலியாகப் படரும். வெட்டிய கிளையை யாரோ ரோட்டில் போடுவார்கள், பசித்த ஆடு வந்து கடிக்கும்.

கோட்டைப் பக்கம்: அப்போ மானை யார் கட்டுப்படுத்துவது?

தம்பலகாமம்: மானுக்கு முன்னால் வீடு கட்டியது யாராம்?

பதில்: அந்த வழக்கை நீங்கள் இருவரும் பேசித் தீருங்கள். கம்பிவலையைச் செடியிலிருந்து ஒரு முழம் தள்ளி அடியுங்கள், ஒட்டி அடித்தால் மூக்கை நுழைத்துத் தின்னும்.