கல்லூரி விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். ஈப்போவில் தனியார் கல்லூரியில் படிக்கும் என் 19 வயது தங்கையை, முந்தாநாள் இரவு கூடப் படிக்கும் பையன் பலாத்காரம் செய்துவிட்டான். பயத்தில் குளித்துவிட்டாள், துணியையும் ஊறப் போட்டுவிட்டாள். “முதலில் நாங்கள் விசாரிக்கிறோம்” என்கிறது கல்லூரி. கோயில் தலைவரோ பேசி முடித்துவிடலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: தங்கை சம்மதித்தால் இன்றைக்கே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மற்றதெல்லாம் அப்புறம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் போடுகிறாரோ அவ்வளவு நல்லது. அவசரப் பிரிவு கவுண்டரில், பின்னால் பத்துப் பேர் நிற்க, “என்ன பிரச்சினை?” என்று சத்தமாகக் கேட்பார்கள். கதை சொல்ல வேண்டாம். “ஓ.எஸ்.சி.சி.” (இப்படிப் பாதிக்கப்பட்டவர்களை ஒரே இடத்தில் கவனிக்கும் மருத்துவமனைப் பிரிவு) என்றால் போதும், தனி அறைக்கு அழைத்துப் போக வேண்டியது அவர்கள் கடமை. இந்த ஏற்பாடு 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கியது. இத்தனை வருஷமாகியும் கவுண்டரில் குரலைத் தாழ்த்தக் கற்றுக்கொள்ளவில்லை.

குளித்துவிட்டாள் என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். குளிக்காமல் போவதுதான் நல்லது, சரி. ஆனால் குளித்த பிறகும் உடம்பில் காயம் இருக்கும், உள்ளே தடயம் மிஞ்சியிருக்கலாம். துவைத்த துணியிலும் சில சமயம் கிடைக்கும். ஊறிய துணியை இனி அலசாமல், நிழலில் காய வைத்துக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். துணியே இல்லாவிட்டாலும், ஒரு வாரம் கழிந்திருந்தாலும் போகலாம், ரிப்போர்ட்டும் கொடுக்கலாம். அவன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க விடாதீர்கள்.

ரிப்போர்ட்டை எந்தப் போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம். பெண் அதிகாரி வேண்டும் என்று கேளுங்கள். மலாயில் தட்டச்சு செய்ததை வரி வரியாகப் படித்த பிறகே தங்கை கையெழுத்துப் போட வேண்டும். நடந்ததைச் சுருக்கி, “சண்டை” என்ற அளவில் எழுதிவிடுபவர்களும் உண்டு. அதே கதையை டாக்டரிடம், போலீஸிடம், அப்புறம் இன்னொரு அதிகாரியிடம் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார்கள். எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

கல்லூரி விசாரித்தால் விசாரிக்கட்டும். அது முடிந்த பிறகுதான் போலீஸுக்குப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவனோடு ஒரே வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது, பரீட்சையைத் தள்ளிவைக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு கணக்கில் வராது.

இனி தலைவர் விஷயம். இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோயில் மண்டபத்தில் நாலு பேரை உட்கார வைத்து, ஒரு தாளில் எழுதி, ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி, சில ஆயிரம் வெள்ளியைக் கை மாற்றுவார்கள். அந்தத் தாள் செல்லாது. 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உள்ள இந்தக் குற்றத்தைப் பேசித் தீர்க்கச் சட்டத்தில் இடமே இல்லை. குற்றத்தை மறைக்கப் பணம் வாங்கினால் அதுவே தனிக் குற்றம், மாட்டுவது நீங்கள். “ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கித் தருகிறேன்” என்பதும் சும்மா கதை. கேஸ் நடத்துவதா இல்லையா என்பது அரசுத் தரப்பின் முடிவு. தாலி கட்ட வைக்கலாம் என்று யாராவது வாயெடுத்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தங்கைக்கு 19 வயது. ரிப்போர்ட் கொடுப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியது அவர்தான், அண்ணனோ மாமாவோ இல்லை. தயங்கினால் 15999, அரசின் தாலியான் காசே (Talian Kasih) உதவி எண்ணில் இராப்பகலாக எப்போது வேண்டுமானாலும் பேசலாம்.

நீதிமன்றத்தில் வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர். கேஸ் போட வக்கீல் வேண்டும் என்று யாராவது முன்பணம் கேட்டால் ஒரு காசு கொடுக்காதீர்கள்.