செருக்கு: திட்டா, பாராட்டா?

கேள்வி: ஐயா, அலுவலகத்தில் என் மேலதிகாரி என்னைச் ‘செருக்குப் பிடித்தவள்’ என்றார். செருக்கு என்றால் ஆணவம் என்றுதானே பள்ளியில் படித்தோம்? ஆனால் திருக்குறளில் ‘படைச்செருக்கு’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே, படைக்கு ஆணவம் இருக்கலாமா? இதே பொருளில் வேறு சொற்கள் என்னென்ன?

பதில்: படைக்கு இருக்கலாம். 78ஆம் அதிகாரத்தில் செருக்கு என்பது வீரமும் அதனால் வரும் மிடுக்கும். கையிலிருந்த வேல் ஒன்றை யானைமேல் எறிந்துவிட்டு, இன்னொரு வேல் தேடி வருகிறான் ஒரு வீரன். தன் உடம்பிலேயே ஒன்று தைத்திருப்பதைப் பார்க்கிறான். பிடுங்கிக்கொண்டு சிரிக்கிறான் (குறள் 774). வேல் கிடைத்த சந்தோஷம் அவனுக்கு!

அதே வள்ளுவர் 431ஆம் குறளில் சினத்தோடும் சிறுமையோடும் சேர்த்துச் செருக்கையும் குற்றமாக்குகிறார். அதே குறளில் ‘பெருமித’த்தை உயர்த்தி வைக்கிறார். அப்புறம் 180இல், பிறர் பொருள் எனக்கு வேண்டாம் என்பதையும் ‘செருக்கு’ என்றே சொல்லிப் பாராட்டுகிறார். எதனால் வந்த செருக்கு என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

நானும் இதில் சறுக்கியவன்தான். மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கதையில், ‘பரிசை வாங்கிக்கொண்டு செருக்கோடு இறங்கி வந்தாள்’ என்றிருந்தது. நல்ல பெண்ணாயிற்றே, செருக்கு எதற்கு என்று ‘பெருமிதத்தோடு’ என மாற்றிவிட்டேன். கதை எழுதியவர் நேரிலேயே வந்துவிட்டார். “பாரதி புதுமைப்பெண்ணுக்குத் ‘திமிர்ந்த ஞானச் செருக்கு’ கொடுத்தாரே, அதையும் திருத்துவீர்களா?” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

சரி, மற்ற சொற்கள். இறுமாப்பு, தருக்கு, அகந்தை, கர்வம் எல்லாம் ஏறக்குறைய ஒரே குடும்பம். ஆணவம் சைவ சித்தாந்தத்தில் மும்மலங்களில், அதாவது உயிரைப் பற்றிய மூன்று அழுக்குகளில், ஒன்று. அதனால் அதன் கறை போகாது. மமதையில் உள்ள ‘மம’ வடமொழியில் ‘என்னுடைய’ என்று பொருள்படும். சொத்து, பதவி என்று கையில் ஏதாவது இருப்பவர்களுக்குப் பொருத்தமான சொல். எனக்குப் பிடித்தது திமிர். நெடுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறதே, அதற்கும் திமிர் என்று பெயர். கிள்ளினாலும் உறைக்காது. திமிர் பிடித்தவரிடம் பேசிப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். வீறாப்பு கொஞ்சம் பாவம். உள்ளுக்குள் ஆசையை வைத்துக்கொண்டே வெளியே ‘வேண்டாம்’ என்று முறுக்கிக்கொள்வது. மிடுக்கில் பழி இல்லை, நடையிலும் பேச்சிலும் தெரியும் கம்பீரம் அது. இன்றைய பிள்ளைகள் அதைத்தான் ‘கெத்து’ என்கிறார்கள்.

உங்கள் மேலதிகாரி விஷயத்துக்கு வருவோம். செருக்கோடு ‘பிடித்தவள்’ ஒட்டிக்கொண்டுவிட்டதே! அவர் பாரதியை நினைத்துச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.