மூன்றாம் பிரெடரிக் 99 நாள் மட்டுமே ஜெர்மன் பேரரசராக இருந்தது ஏன்? அவர் பிழைத்திருந்தால் முதல் உலகப் போர் வந்திருக்காதா?

காரணம் தொண்டைப் புற்றுநோய். 1887 மே மாதமே ஜெர்மன் மருத்துவர்கள் அதைச் சந்தேகித்து, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். லண்டனிலிருந்து வந்த தொண்டை மருத்துவர் மொரெல் மெக்கன்சி கொஞ்சம் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். சோதித்தவர் சாதாரண ஆள் இல்லை, புகழ்பெற்ற நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்கோ. புற்றுநோய் அறிகுறி இல்லை என்றார், அறுவை நின்றது. நவம்பரில் உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1888 பிப்ரவரியில் மூச்சுக்குழாயைத் துளைத்துக் குழாய் வைத்தார்கள். மார்ச் 9 அன்று தந்தை முதலாம் வில்ஹெல்ம் 90 வயதில் இறக்க, பேச்சே வராத மகன் அரியணை ஏறினார். சொல்ல வேண்டியதையெல்லாம் காகிதத்தில் எழுதிக் காட்டித்தான் ஆண்டார். ஜூன் 15 அன்று இறந்தார், வயது 56.

சாதித்தது குறைவு. பழமைவாத உள்துறை அமைச்சர் புட்காமரைப் பதவியிலிருந்து இறக்கியதுதான் குறிப்பிடத்தக்கது. மற்றபடி தலைமை அமைச்சர் பிஸ்மார்க் கைதான் ஓங்கியிருந்தது.

சரி, உலகப் போர்? பிரெடரிக் இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணியின் மூத்த மகளை மணந்தவர், தாராளவாதி, யூத வெறுப்பை வெளிப்படையாகக் கண்டித்தவர். அதனால் அந்த நம்பிக்கை எழுவது இயல்பே. ஆனால் அவர் ஆஸ்திரியாவுக்கு எதிரான 1866 போரிலும் பிரான்சுக்கு எதிரான 1870 போரிலும் படை நடத்தியவர். பேரரசப் பெருமையில் ஊறியவரும்கூட. போரே வந்திருக்காது என்பது அதிகப்படியான ஆசை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் இறந்ததுமே, புதிய பேரரசரான 29 வயது மகன் இரண்டாம் வில்ஹெல்ம், படையை அனுப்பி அரண்மனையைச் சுற்றி வளைத்துத் தந்தையின் காகிதங்களைத் தேடவைத்தார். தாய் முன்கூட்டியே பலவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்!