நாய் பொது இடத்தில் மலம் கழித்தால் உரிமையாளர் ஏன் உடனே அள்ள வேண்டும்?

வெளியே கூட்டிப்போகும் நாய் கழிக்கும் மலத்தை அங்கேயே எடுத்துக் குப்பைத்தொட்டியில் சேர்ப்பது உரிமையாளரின் பொறுப்பு. தள்ளிப்போடவே கூடாது. மலத்தோடு வெளிவரும் உருளைப்புழு முட்டைகள் அன்றே தொற்றாது. மண்ணில் சில வாரம் முதிர்ந்த பிறகே தொற்றும். களையைப் பூக்கும் முன் பிடுங்குவது போலத்தான் இது. விட்டுவிட்டால், மலம் மழையில் கரைந்து மறைந்த பிறகும் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்து, விளையாடும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகும்.

பையைக் கையுறைபோல் மாட்டி அள்ளி, உள்வெளியாகப் புரட்டி இறுக முடியுங்கள். இளகிப்போயிருந்தால் மேலே மணல் தூவி, ஈரம் இழுத்ததும் அட்டையால் வழித்தெடுங்கள்; தண்ணீர் ஊற்றினால் இன்னும் பரவும்.

மாட்டுச்சாணம் போல இதுவும் உரம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை: புரதம் மிகுந்த தீனியால் நைட்ரஜன் செறிந்து புல்லைக் கருக்கிவிடும், வீட்டு உரக்குழியின் சூட்டுக்குப் புழு முட்டைகள் பெரும்பாலும் சாவதுமில்லை.