மூன்றாம் வேளைக் கறவையா, அடுத்த ஈற்றா?

ஈன்று எட்டு மாதமான கலப்பினப் பசு, உச்சத்தில் நாளொன்றுக்கு 14 லிட்டர் கறந்தது, இப்போது 7 லிட்டருக்கு இறங்கிவிட்டது; இன்னும் சினையும் பிடிக்கவில்லை. மூன்று வேளை கறந்தால் பால் கூடுமா என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

கூடும், ஆனால் சொற்பமாகவே. மடியில் பால் தேங்கத் தேங்க அதன் அழுத்தமும், பாலிலேயே உள்ள ஒரு தடுப்புப் பொருளும் சுரப்பை மட்டுப்படுத்துகின்றன; அடிக்கடி கறக்கும்போது இந்தத் தடை விலகுவதால், தீவனம் போதிய அளவு கிடைக்கும் பசுவில் மூன்றாம் கறவை பொதுவாக 10 முதல் 15 சதவீதம் வரை கூடுதல் பால் தரும். உங்கள் பசுவின் 7 லிட்டரில் இது அதிகம் போனால் ஒரு லிட்டர்தான். அதற்கான உழைப்புக்கு ஈடாகுமா என்பது ஐயமே. மாறாக, இரு கறவைக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி நேரம் இருக்குமாறு பார்த்து, மடியைக் கழுவித் துடைத்த உடனே தொடங்கி ஏழெட்டு நிமிடங்களில் கறந்து முடியுங்கள். பாலை இறக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனின் வேகம் அதற்குமேல் நிற்பதில்லை. மடி கழுவிய பிறகு பாத்திரம் தேடப் போகிறவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

பெரிய இழப்பு ஈற்று இடைவெளியில், அதாவது ஒரு ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையிலான காலத்தில் இருக்கிறது. 305 நாட்களில் 2,700 லிட்டர் கறக்கும் பசு 380 நாட்களில் மறுபடி ஈன்றால் சராசரி நாளுக்கு 7.1 லிட்டர், இடைவெளி 530 நாட்களுக்கு நீண்டால், மேற்கொண்டு 400 லிட்டர் கறந்தாலும் சராசரி 5.8 லிட்டர்தான். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள் என்பதால், உங்கள் பசு இன்றே சினை பிடித்தாலும் இடைவெளி 17 மாதங்களைத் தாண்டிவிடும்.

ஆகவே முதலில் கால்நடை மருத்துவரிடம் கருப்பையையும் சினைப்பைகளையும் பரிசோதியுங்கள். குறை எதுவும் இல்லையென்றால், பசு சினைக்குத் தயாராகும் பருவத்தின் அறிகுறி கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். பருவம் ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை வருவதால், ஒருமுறை தவறினால் அத்தனை நாட்களும் போயின. அதிகாலையிலும் இரவிலும் தொழுவத்தில் சற்று நின்று, கண்ணாடி போன்ற வழும்பு தொங்குகிறதா, பசு அமைதியின்றிக் கத்துகிறதா என்று பாருங்கள். காலையில் கண்டால் அன்று மாலையே சினை ஊசி போடுவது நலம்.

சினை உறுதியானபின், ஈனுவதற்கு 60 நாட்கள் முன்பே பாலை வற்றச் செய்யுங்கள். மூன்றாம் கறவையை அடுத்த ஈற்றின் முதல் வாரத்திலேயே, அடர்தீவனத்தை (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்) படிப்படியாகக் கூட்டித் தொடங்கலாம். அந்தத் தொடக்க வாரங்களில் மடிக்குக் கிடைக்கும் தூண்டல், பிறகு இரு வேளைக்குத் திரும்பினாலும் ஓரளவு நீடிக்கும்.