தூக்கிய வண்டியும் ப்ராப் ஷாஃப்ட்டும்: கேள்வி பதில்

டர்பனில் ப்ராப் ஷாஃப்ட் (எஞ்சின் பலத்தை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் சுழல் தண்டு) வேலை மட்டுமே பார்த்து எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சானி பாஸ் மலைப்பாதை ஏறுவதற்கும் கோசி பே கடற்கரை மணலில் ஓட்டுவதற்கும் வண்டியை உயர்த்திய நம்மவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவர்: அண்ணா, என்னுடையது 2001 ஜீப் ராங்லர் டிஜே. 4 அங்குலம் தூக்கினேன். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தரையே நடுங்குகிறது. டயரை பேலன்ஸ் செய்தும் போகவில்லை.

டயரை விடுங்கள் தம்பி, எனக்குப் பின் ஷாஃப்ட் மேல்தான் சந்தேகம். டிஜேயின் பின் ஷாஃப்ட் ரொம்பக் குட்டை. குட்டை ஷாஃப்ட் என்றால், கொஞ்சம் தூக்கினாலும் அது சாயும் கோணம் நிறைய ஏறிவிடும்.

ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் மடங்கிக்கொடுக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது அதன் வேகம் சீராக இருக்காது. டிரான்ஸ்பர் கேஸ் (முன் பின் ஆக்ஸில்களுக்குப் பலத்தைப் பிரித்துத் தரும் பெட்டி) நிமிடத்துக்கு 1000 சுற்று சீராகச் சுற்றினாலும், ஜாயின்ட் 20 டிகிரியில் இருந்தால் ஷாஃப்ட் 940க்கும் 1064க்கும் நடுவே ஏறி இறங்கும். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை. இரண்டு முனையிலும் கோணம் சமமாக இருந்தால், கீழ் ஜாயின்ட் அதைச் சரிக்கட்டி டிஃபுக்கு (ஆக்ஸில் நடுவே உள்ள கியர் பெட்டி) சீரான வேகத்தைக் கொடுத்துவிடும். ஆனால் நடுவில் இருக்கும் குழாய் துடித்துக்கொண்டேதான் இருக்கும். கோணம் சின்னதாக இருக்கும்வரை அது உங்களுக்குத் தெரியாது, பெரிதானதும் தரை நடுங்கும்.

டிரான்ஸ்பர் கேஸை ஓர் அங்குலம் கீழே இறக்கும் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். அதிர்வு குறையும், ஆனால் காசு கொடுத்து ஏற்றிய உயரத்தில் ஓர் அங்குலம் வண்டியின் வயிற்றுப் பக்கம் போய்விடும். எஞ்சினும் பின்பக்கம் சாய்வதால் ஃபேன் அதன் கூட்டில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். எனக்கு இது பிடித்த வழி இல்லை.

சரியான வைத்தியம் டிரான்ஸ்பர் கேஸின் வெளித்தண்டை மாற்றுவதுதான். உங்கள் என்பி231 கேஸில் நீளமான தண்டின் மேல் ஸ்லிப் யோக் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவை) வழுக்கி ஓடுகிறது. அந்தத் தண்டை எடுத்துவிட்டுக் குட்டையான தண்டும், போல்ட் போட்டு நிறுத்திய யோக்கும் வைக்கலாம். அதில் மிச்சமாகும் சில அங்குலம் ஷாஃப்ட்டுக்குப் போகும். ஷாஃப்ட் நீண்டால் கோணம் குறையும். மேல் முனையில் டபுள் கார்டன் ஜாயின்ட் (இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட் சேர்ந்தது) உள்ள ஷாஃப்ட் போடுங்கள். அப்போது பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் டிஃபின் தண்டு) டிரான்ஸ்பர் கேஸைப் பார்த்து நிற்க வேண்டும், அதற்கு ஆக்ஸிலைப் பிடிக்கும் மேல் ஆர்ம்கள் நீளம் மாற்றக்கூடியவையாக வேண்டும். பினியனை ஷாஃப்ட்டின் நேர்கோட்டுக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழேயே வையுங்கள், ஏனென்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அதன் மூக்கு மேலே எழும்பும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்லிப் யோக் உள்ள வண்டியில் பின் ஷாஃப்ட்டைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியாக எண்ணெய் கொட்டிவிடும். நிலையான யோக் என்றால், மலையில் ஜாயின்ட் உடைந்தாலும் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு முன் சக்கரங்களின் பலத்தில் இறங்கி வந்துவிடலாம். சானி பாஸின் உச்சி 2,876 மீட்டர். அங்கே நிற்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து: புது ஷாஃப்ட்டுக்கு எப்படி அளவெடுப்பது?

வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும், வழக்கமாக ஏற்றும் பாரமும் இருக்க வேண்டும். ஷாஃப்ட்டை போல்ட் போடும் ஃபிளாஞ்ச் தட்டின் முகத்திலிருந்து அடுத்த முனை ஃபிளாஞ்ச் முகம் வரை அளவெடுங்கள். சேஸிஸில் ஜாக்கி கொடுத்து, ஆக்ஸிலைத் தொங்கவிட்டு எடுத்த அளவோடு என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர். அது உதவாது. அப்புறம், ஆக்ஸில் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிளைன் (நீண்டு சுருங்கும் பல் இணைப்பு) போதுமான அளவு உள்ளே இருக்கிறதா, முழுக்க அமுங்கும்போது முட்டாமல் இடம் இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

டொங்காட்டிலிருந்து ஒரு சகோதரி: ஐயா, என் ஜிம்னியை 2 அங்குலம் தூக்கி, காஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) சரிசெய்யும் புஷ்ஷும் போட்டார்கள். ஸ்டீயரிங் நன்றாகிவிட்டது. ஆனால் 4எச் (நான்கு சக்கர இழுவை) போட்டால் முன்பக்கம் முனகுகிறது.

புஷ்ஷால் வந்ததுதான் அம்மா. ஜிம்னியின் முன் ஆக்ஸில் ரேடியஸ் ஆர்மில் பிடிக்கப்பட்டிருக்கிறது. காஸ்டருக்காக ஆக்ஸிலைத் திருப்பினால் பினியனும் சேர்ந்து கீழ்நோக்கித் திரும்பும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது. 2 வீல் இழுவையில் முன் சக்கர ஹப் விடுபட்டு முன் ஷாஃப்ட் ஓய்ந்திருப்பதால் அப்போது சத்தம் வராது. டபுள் கார்டன் முன் ஷாஃப்ட் போட்டால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும். அதுவரை புஷ்ஷைக் கழற்றாதீர்கள், வண்டி நேராக ஓடுவதுதான் முக்கியம்.

வெருலம்: ஹைலக்ஸ் டபுள் கேப் பக்கி (பிக்கப்). பின்பக்கம் தூக்கியதிலிருந்து, கிளம்பும்போது மட்டும் குலுங்குகிறது.

உங்களுடையது நடுவில் பேரிங் வைத்த இரண்டு துண்டு ஷாஃப்ட். தூக்கியதில் நடு ஜாயின்ட்டின் கோணம் மாறியிருக்கும். சென்டர் பேரிங்கைச் சின்னத் துண்டு வைத்துக் கொஞ்சம் இறக்கினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: டிஸ்கவரி 2. மெதுவாகப் போகும்போது முன்னால் குருவி கத்துவதுபோல் ஒரு சத்தம்.

தயவுசெய்து இன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். முன் ஷாஃப்ட்டின் டபுள் கார்டன் ஜாயின்ட் வறண்டுபோனால் இந்தச் சத்தம் வரும். கம்பெனி கொடுத்த ஷாஃப்ட்டில் அதற்குக் கிரீஸ் அடிக்க நிப்பிள் கிடையாது. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் அந்த ஜாயின்ட்டுக்கு ஓய்வே இல்லை. அது உடைந்தால் ஷாஃப்ட் சுழன்று கியர்பாக்ஸ் கூட்டையே ஓட்டை போட்டுவிடும். கிரீஸ் அடிக்கக்கூடிய ஜாயின்ட் உள்ள ஷாஃப்ட்டாக மாற்றுங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: பக்கத்து வெல்டரிடம் ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டலாமா?

வேண்டாம். யோக் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், குழாய் நெளியாமல் சுற்ற வேண்டும், கடைசியில் பேலன்ஸ் மெஷினில் ஏற்ற வேண்டும். அந்த மெஷின் இருக்கும் கடையிலேயே கொடுங்கள். கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் ஷாஃப்ட்டிலும் ஸ்பிளைன் இணைப்பிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்பப் பூட்டும்போது அதே நிலையில் வர வேண்டும்.