இரட்டை எஞ்சின் டர்போபுரொப் என்றால் என்ன? மட்டக்களப்பு போன்ற சிறிய ஓடுபாதைக்கு அது ஏன் பொருத்தம்?

டர்போபுரொப் என்பது ஜெட் எஞ்சின் போன்ற ஒரு சுழலியின் பலத்தால் முன்னால் உள்ள விசிறியைச் சுழற்றிப் பறக்கும் விமானம். வாடகைப் பயணங்களுக்குப் பெயர்பெற்ற பீச்கிராஃப்ட் கிங் எயார் இந்த வகைதான். 1964இல் முதலில் பறந்தது. மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர் போகும்.

ஜெட் கொஞ்சக் காற்றை மிக வேகமாகப் பின்னால் தள்ளுகிறது. விசிறியோ நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுகிறது. வாவியில் தோணி வலிப்பவரைப் பாருங்கள்: அகலமான துடுப்பை நிதானமாக ஒருமுறை இழுத்தாலே தோணி நகரும். மெல்லிய கம்பு என்றால் வேகவேகமாக அடித்துக் களைத்துப்போவார். குறைந்த வேகத்தில் விசிறி எரிபொருளை மிச்சப்படுத்துவதும் இதனால்தான்.

கட்டுநாயக்க ஓடுபாதை 3 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. திமிலைதீவில் உள்ள நம் மட்டக்களப்பு ஓடுபாதை அதில் பாதியளவுதான். இங்கே விசிறி இன்னொரு வேலையும் செய்கிறது: தரை தொட்டதும் அலகுகளின் கோணத்தைத் திருப்பினால் காற்று முன்பக்கம் தள்ளப்பட்டு விமானம் சீக்கிரம் நிற்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்த நுட்பம் அதுதான்.

சரி, எதற்கு இரண்டு எஞ்சின்? ஒன்று நின்றாலும் மற்றதை வைத்துப் பறந்து இறங்கலாம். நின்ற எஞ்சினின் அலகுகளைக் காற்றை வெட்டும் விதமாகத் திருப்பிவிடுவார்கள், இழுவை குறையும்.

விசிறி தெரிவதால் பழைய காலத்துப் பெற்றோல் எஞ்சின் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, இதுவும் பெரிய ஜெட் விமானங்கள் எரிக்கும் அதே எரிபொருளில்தான் ஓடுகிறது.